முப்பது நாள் காடு

காட்டுயிர்ப் பாதுகாப்பில் வேலை தேடிப் போகிற பிள்ளைகளிடம் மதிப்பெண்ணுக்கும் முன்னால் கேட்கப்படுவது கள அனுபவம். அது எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஏதாவது ஒரு சரணாலயத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ இன்டர்னாகப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வா என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் மதுரை மாதிரியான ஊரில், தேர்வு முடிந்து வெயில் ஏறுகிற மே மாதத்தில், இந்த யோசனையை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் மனசு எங்கோ இடறுகிறது. திருமங்கலத்திலிருந்தோ சோழவந்தானிலிருந்தோ பஸ்ஸில் கல்லூரிக்கு வந்து போகும் பெண், மூன்று வருஷம் விலங்கியல் படித்தவள், ஒரு மாதம் காட்டில் தங்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் முதல் பேச்சு பாதுகாப்பைப் பற்றியதாக இருக்கும். அதைச் சமாளித்துவிடலாம். கூட வருகிற தோழி, அங்கே இருக்கிற மேடம், தினமும் ஒரு போன் என்று ஏதாவது சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கலாம். இரண்டாவது பேச்சு மெதுவாக வரும். எவ்வளவு தருவார்கள்? ஒன்றும் தர மாட்டார்கள் என்பதே பல இடங்களில் பதில். சில இடங்களில் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. சில இடங்களில் அதற்கும் போகிறவர்தான் பணம் கட்ட வேண்டும். ஷூ, மழைக்கோட்டு, பைனாகுலர் எல்லாம் தனி. லீவு மாதத்தில் ஜவுளிக்கடையிலோ டியூஷனிலோ நாலு காசு பார்த்து அடுத்த வருஷ பீஸுக்கு எடுத்து வைக்கிற குடும்பத்தில், காசு வராத மாதம் என்பதே பெரிய செலவு. இந்தத் துறைக்குள் யார் வரப்போகிறார்கள் என்பதில் பாதி, காட்டுக்குப் போகும் முன்பே, வீட்டுக் கூடத்தில் அந்தப் பேச்சு நின்றுபோகிற இடத்தில் முடிவாகிவிடுகிறது.

போனவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிடைப்பது கொஞ்சமில்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து 2021 பிப்ரவரியில் நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயின. வைகைக்குத் தண்ணீர் தருகிற மலைகள் அவை. இப்படியான ஒரு காட்டில் இன்டர்ன் முதலில் கற்பது நடப்பதற்குத்தான். டிரான்செக்ட் என்று இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோடு போட்டிருப்பார்கள். விடிந்ததும் அதில் சத்தமில்லாமல் நடந்து, கண்ணில் படுகிற விலங்கு எத்தனை, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் என்று ரேஞ்ச் ஃபைண்டரிலும் திசைகாட்டியிலும் பார்த்து எழுத வேண்டும். 2006 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் இரை விலங்குகளை எண்ணுவதும் இந்த நடையில்தான். முதல் நாட்களில் புதியவர் கையிலிருக்கும் கருவியைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், தன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடப்பார். டேட்டா ஷீட் வெள்ளையாகவே இருக்கும். முன்னால் போகிற வாட்சர் சட்டென்று நின்று கையை லேசாகத் தாழ்த்துவார். "அங்கிட்டுப் பாக்காதீங்க தம்பி, இங்கிட்டு" என்ற மாதிரி ஒரு முணுமுணுப்பு. அவருக்கு யானை மூக்கில் தெரிகிறது. புளித்த, பச்சைத் தழை வாடை. கடமான் ஒரே ஒரு தடவை குரல் கொடுத்தால் அது எதைப் பார்த்துக் கொடுத்த குரல் என்பதில் அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. மேலே, பக்கத்துப் பக்கத்து மரக் கிளைகள் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில், இலையும் குச்சியும் திரண்ட ஒரு உருண்டையைக் காட்டுவார். அணில் கூடு. ஓர் அணில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடு கட்டும், அதனால் கூட்டை எண்ணிவிட்டு அணிலை எண்ணியதாக நினைக்கக் கூடாது. புத்தகத்திலும் இது உண்டு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது கேட்டால்தான் பதிகிறது.

பதினைந்து இருபது நாளில் ஏதோ ஒன்று திறக்கும். அதுவரை ஒரே பச்சையாக இருந்த சரிவில் மரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்குள் மாதம் முடிந்துவிடும். சான்றிதழில் துறைத்தலைவரோ ஆராய்ச்சியாளரோ கையெழுத்துப் போடுவார்.

அந்த வாட்சர் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர். தற்காலிகப் பணி, மதிப்பூதியம் அல்லது தினக்கூலிக் கணக்கு. இந்த மலைச் சரிவுகளில் பலர் பளியர் பழங்குடியினர். பல வருஷமாக அதே பாதையில் நடந்து, வருஷம் தவறாமல் வருகிற புதுப் பிள்ளைகளுக்குக் கண்ணைத் திறந்துவிட்டு, அவர்கள் முதுகலை, முனைவர் பட்டம் என்று மேலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, அவர் அதே பாதையில் நிற்கிறார். கற்றுக்கொடுத்தவருக்கு அந்தப் படிப்பால் ஒரு படி ஏற முடியாமலும், கற்றுக்கொண்டவருக்கு அது முதல் படியாகவும் இருக்கிற ஏற்பாட்டைப் பயிற்சி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

இது இன்றைய கதை மட்டும் இல்லை. ஜெர்டான் கல்குருவி 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை, அழிந்திருக்கும் என்றே நினைத்திருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் ஆந்திரத்தின் கடப்பைப் பகுதிப் புதர்க்காடுகளில் ஊர் ஊராக விசாரித்துத் திரிந்தார். 1986 ஜனவரியில் அந்தப் பறவையை ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் கையால் பிடித்தவர் ஐத்தண்ணா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். பறவையியல் வரலாற்றில் அவர் பெயர் ஒரு வரியில் நிற்கிறது. அந்த ஒரு வரி நின்றதே பெரிது. இருளர் பழங்குடியினர் விஷயத்தில் காலம் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டது. பாம்பு பிடிப்பவர்களுக்கென்று 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடா சென்று, அங்கே பெருகித் தொல்லையாகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடி, இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. யார் முன்னால் நடப்பது, யார் பின்னால் நடப்பது என்ற வரிசை அங்கே ஒருமுறை சரியாக அமைந்தது.

சம்பளமில்லாத களப்பணி இந்தத் துறைக்கே கேடு என்று 2015இல் ஆரியல் ஃபோர்னியே, அலெக்சாண்டர் பாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் காட்டுயிர்ச் சங்க இதழில் வெளிப்படையாக எழுதினார்கள். இலவசமாக வேலை செய்ய வசதி உள்ளவர்கள் மட்டும் உள்ளே வருவார்கள், அதனால் துறையே ஒரே வகை மனிதர்களால் நிரம்பும் என்பது அவர்கள் வாதம். அதைப் படிக்கும்போது உடனே ஆமாம் என்று தோன்றுகிறது. பிறகு மறுபக்கம் ஞாபகம் வருகிறது. நம்மூரில் சின்ன அமைப்புகள் பலவும் நாலு பேர் கைக்காசில் ஓடுகின்றன. 1988 முதல் சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு ராத்திரி ராத்திரியாக நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது தன்னார்வத்தால்தான். அந்த நடையில் பங்கெடுத்தவர்கள் பலருக்கு வாழ்க்கையே திசைமாறியது. சம்பளம் தரவில்லை என்பதற்காக அதைச் சுரண்டல் என்று சொல்ல நாக்கு எழாது. எங்கே கோடு போடுவது? ஊர்ப் பிள்ளை வேலை முடித்துவிட்டு சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்ளக்கூடிய தன்னார்வத்துக்கும், முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கையிலிருந்து செலவழித்து வாங்க வேண்டிய அனுபவத்துக்கும் நடுவில் அந்தக் கோடு விழலாம். தூரம்தான் இங்கே முக்கியமான விஷயம். தூரத்தைக் கொஞ்சம் தோண்டினால் இன்னொரு நம்பிக்கை தட்டுப்படுகிறது: காட்டுயிர் என்பது மதுரையில் இல்லை, மலைக்கு மேலே எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை.

மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் கதை இதைப் பொய்யாக்குகிறது. ஜெர்மனியில் எர்வின் பியூனிங்குடன் பணியாற்றிவிட்டு வந்த எம்.கே. சந்திரசேகரன் 1970களின் நடுவில் இங்கே விலங்கு நடத்தையியலுக்கு ஒரு மரபைத் தொடங்கினார். உயிர்களுக்குள் ஓடும் கடிகாரம் அவர் விஷயம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த களம் புலிக்காடு இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பாறைக்குன்றுகளின் குகைகள். அங்கே இலைமூக்கு வௌவால்கள் கும்பல் கும்பலாகத் தொங்கின. அவரும் மாணவர்கள் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோரும் ஒரு வௌவாலைத் தனியே கூண்டில் வைத்து, வெளிச்சமே எட்டாத குகையின் உள்ளே, மற்ற வௌவால்களின் நடுவில் விட்டார்கள். சூரியன் மறைவதை அதனால் பார்க்க முடியாது. ஆனாலும் மற்றவை கிளம்புகிற நேரத்துக்கு அதுவும் கூண்டுக்குள் பறக்கத் தொடங்கியது. கூட்டம் இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது. கூட்டத்தோடு இருப்பதே வௌவாலுக்குக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது என்ற இந்த முடிவு 1978இல் ஜெர்மானிய அறிவியல் இதழில் வந்தது. குகைக்குள் அம்மோனியா வாடை கண்ணை எரிக்கும், எச்சம் கால் புதையும், வியர்வை காயாது. அதற்குள் ராத்திரிகளைக் கழித்தவர்கள் ஆராய்ச்சி மாணவர்கள். பிறகு கெர்ஹார்ட் நாய்வைலர் மாதிரி உலகின் முன்னணி வௌவால் அறிஞர்கள் மதுரையைத் தேடி வந்து இந்தச் சமவெளியின் மேலே எந்த வௌவால் எந்த உயரத்தில் எந்த நேரத்தில் பூச்சி பிடிக்கிறது என்று கவனித்தார்கள். 1987இல் மாரிமுத்துவும் நாய்வைலரும் சேர்ந்து காட்டியது இன்னும் நுட்பமானது. மெகாடெர்மா லைரா என்ற பெரிய காது வௌவால் தவளையைப் பிடிப்பது அது அசையும்போது எழும் சரசரப்பைக் கேட்டுத்தான். தரையில் தண்ணீரைப் படரவிட்டு அந்தச் சத்தத்தை இல்லாமல் ஆக்கியதும், கண்ணெதிரே தவளை தாவினாலும் வௌவால் அசையவில்லை.

வேலி போட்டு, கேட் வைத்து, டிக்கெட் கிழிக்கிற இடம் ஒன்றும் அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. ஊருக்குள் இருந்த பாறையும், அதைத் தினமும் போய்ப் பார்க்கிற மாணவர்களும், அவர்களுக்கு வருஷக்கணக்கில் உதவித்தொகை தந்த ஒரு பல்கலைக்கழகமும் தேவைப்பட்டன. உதவித்தொகை என்பதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வௌவால் பேச்சு வந்ததால் இன்னொன்று. இன்றைய தேனி மாவட்டத்து மேகமலை அன்றைக்கு மதுரை மாவட்டம். 1948இல் அங்கே தோட்டத்தில் வேலை பார்த்த இளைஞர் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். மேலைநாட்டில் பட்டம் வாங்கி ஆராய்ச்சிக்கு வந்தவர் இல்லை அவர். மலையில் இருந்தார், இருந்த இடத்தைக் கவனித்தார், 1949இல் அந்த மலைகளின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றிக் குறிப்பு எழுதினார். அனுப்பிய வௌவாலுக்கு அருங்காட்சியகத்தில் தவறான பெயர்ச்சீட்டு ஒட்டி இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது அங்கேயே கிடந்தது. தாய்லாந்திலிருந்து வந்த கிட்டி தொங்லொங்யா அதை எடுத்துப் பல்லைப் பார்த்து, இது வேறு பேரினம் என்று கண்டு, 1972இல் சாலிம் அலியின் பெயரை வைத்தார். உலகத்தின் அரிய வௌவால்களில் ஒன்று அது. அந்த மலையில் பழ மரத்தடியில் ராத்திரி உட்கார்ந்த யாருக்கும் அந்த வௌவால் பழக்கமானதாகவே இருந்திருக்கும். பெயர்ச்சீட்டுக்கும் பழக்கத்துக்கும் நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்டர்ன் என்கிற ஆள் நிற்க வேண்டிய இடம் அந்த நடுவில்தான்.

அரிட்டாபட்டிக்கு கேட் கிடையாது. மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் போய்த் திரும்பினால், வயலுக்கு நடுவே ஏழு மலைகள் என்று சொல்லப்படும் பாறைத்தொடர். சமணர் படுக்கை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன், அடிவாரத்தில் கண்மாய், மேலே சுனை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சுமார் 250 வகைப் பறவைகள். அவற்றில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராசாளிக் கழுகு. தேவாங்கு உண்டு, எறும்புத்தின்னி உண்டு, மலைப்பாம்பு உண்டு. இந்தப் பட்டியலை ஒரே மாதத்தில் யாரும் எழுதவில்லை. மதுரைப் பறவை ஆர்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் போய், ஊர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. கிரானைட் குவாரிகள் மேலூர்ப் பக்கத்து மலைகளைப் பாளம் பாளமாக அறுத்த காலத்தில் இந்த ஊர் தன் மலையை விடாமல் பிடித்துக்கொண்டதால் எழுதுவதற்கு மலை மிஞ்சியிருந்தது.

அந்தப் பட்டியலுக்கு வேலை வந்தது 2024 நவம்பரில். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்று சுமார் 2,015 ஹெக்டேர் ஏலம் போய், இந்துஸ்தான் ஜிங்க் தேர்வானது. பாரம்பரியத் தலமும் அதற்குள் வந்தது. அதை எதிர்த்து டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஜனம் திரண்டு நடந்தது. ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நிறுத்தியது அந்தக் கால்கள்தான். ஆனால் மேடையில் பேசியவர் ஒவ்வொருவரும் வல்லூறையும் கல்வெட்டையும் சொன்னார்கள் என்றால், அதற்கு முன்னால் யாரோ பைனாகுலரோடு பாறையடியில் வெயிலில் உட்கார்ந்து, பார்த்ததை எழுதி வைத்திருந்தார்கள். அந்த உட்கார்தலுக்கு இன்டர்ன்ஷிப் என்று பெயரில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் தெரியாது.

அப்படியானால் எல்லா இளைஞர்களும் அரிட்டாபட்டிக்குப் போகட்டும் என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதாக இல்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் செடி கொடி, மீன், பறவை, அவற்றைப் பற்றிய அறிவு எல்லாவற்றையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பல வருஷம் அது தூங்கியது. 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததும் நாடு முழுக்க அவசர அவசரமாகப் பதிவேடுகள் நிரம்பின. கெடுவுக்காக எழுதும் பதிவேட்டில் பக்கத்து ஊரின் பக்கங்களே திரும்ப வருவது இயல்பு. மாணவர்களை அனுப்பி நிரப்பச் சொன்னாலும், கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் நின்று கேள்வித்தாளைப் பூர்த்தி செய்துவிட்டு வருகிற கூட்டமாக அவர்களும் ஆகிவிடலாம். முப்பது நாள் காட்டில் நடப்பதாவது உடம்பில் ஏறும். ஒரு மணி நேரக் கண்மாய் ஏறாது.

கண்மாய் சுலபமான பாடமும் இல்லை. சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரை உறிஞ்சும் நச்சு மரம் என்று 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட, தென்மாவட்டங்களில் கலெக்டர் முதல் கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர் வரை அரிவாளோடு இறங்கினார்கள். அதே ஆண்டு வெட்டுவதற்குச் சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. அந்த மரம் கண்மாய்க்குள் புகுந்து நாட்டுச் செடிகளை ஒழித்தது உண்மை. அந்தப் புதருக்குள் மயிலும் கீரியும் பதுங்குவதும், வேறு மரம் மிச்சமில்லாத கண்மாயில் கொக்கும் இராக்கொக்கும் அதன்மேல் கூடு வைப்பதும் உண்மை. கூடு இருக்கிற மாதத்தில் வெட்டலாமா, நாட்டுக் கருவேலம் வளர்ந்து தலைதூக்கும் வரை விட்டுவைக்கலாமா, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இதற்குப் பக்கத்திலேயே இருக்கிற பள்ளிக்கூடம். 1977இல் அறிவித்த சரணாலயம். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, அந்த ஊருக்கு வனத்துறை இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. அங்கே கருவேல மரத்தில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் அடைவதைப் பார்த்து வளர்கிற குழந்தைக்கு, எந்த மரத்தை எப்போது வெட்டக் கூடாது என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தை வனத்துறைக்குள் போக வேண்டுமென்றால் எழுத வேண்டியது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. 2024 முதல் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகளும் அதில்தான். 200 கேள்விகளில் 100 தமிழ். மீதி பொது அறிவும் கணக்கும். தேறினால் நடைத்தேர்வு. எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று பார்க்கிறார்கள். நடக்கும்போது என்ன கண்ணில் பட்டது என்று கேட்பதில்லை. கேட்டால் வேட்டங்குடிப் பிள்ளை முதலிடத்தில் வரும்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஜெரால்ட் டரல் ஜெர்சித் தீவில் தன் உயிர்க்காட்சிச் சாலையோடு ஒரு பயிற்சி மையம் தொடங்கியபோது, அங்கே கற்க 1977இல் வந்த முதல் மாணவர் மொரீஷியஸ்காரரான யூசுஃப் முங்ரூ. அவர் பிறந்த தீவில் அப்போது மொரீஷியஸ் வல்லூறு காட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது; 1974இல் தெரிந்தவை நான்கே. முங்ரூ ஊருக்குத் திரும்பினார். பிறகு அந்த நாட்டின் தேசியப் பூங்காத் துறைக்கு முதல் இயக்குநரானார். வல்லூறு நூற்றுக்கணக்கில் பெருகியது. அதற்காகப் பல பேர் பல வருஷம் உழைத்தார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் ஆளைத் தேடும்போதே எந்த மண்ணுக்குத் திரும்பப் போகிறவர் என்று பார்த்தார்கள், திரும்பிய மண்ணில் அவருக்கு ஒரு நாற்காலியும் கிடைத்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் நல்ல சான்றிதழ் வைத்திருந்த மனிதராக மட்டும் இருந்திருப்பார்.

மதுரையில் இதற்கு வேண்டியது பலவும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. விலங்கியலும் தாவரவியலும் நடத்துகிற நூறாண்டுக் கல்லூரி உண்டு. ஜனவரியில் நீர்ப்பறவைக்கும் மார்ச்சில் நிலப்பறவைக்கும் வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு உண்டு; சாமநத்தம் கண்மாயில் குப்பைமேட்டு வாடைக்கு நடுவே பறவை எண்ண விடிகாலையில் வந்து நிற்கிற மாணவர்கள் உண்டு. பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பாதுகாப்பதும் ஆவணப்படுத்துவதும் பல்லுயிர்க் குழுவின் வேலை என்கிறது. ஒரு கல்லூரி தன் பிள்ளைகளை அந்தக் குழுவிடம் ஆடியில் ஒப்படைத்துத் தையில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கண்மாய் காய்ந்து கிடப்பது, முதல் மழை, மடை திறப்பது, வலசைப் பறவை இறங்குவது என்று ஒரு சுற்று முழுதாக வரும். மாணவருக்கு உதவித்தொகை, ஆடு மேய்க்கிறவருக்கும் மடை பார்க்கிற நீர்பாய்ச்சிக்கும் கற்றுக்கொடுத்ததற்கு ஊதியம், சான்றிதழில் அவர்கள் கையெழுத்து. ஊருக்குள் பஸ் வருகிறது, ராத்திரி வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திருமங்கலத்துப் பெண் வீட்டில் சண்டை போட வேண்டியிருக்காது.

ஒரு தயக்கம் மட்டும் தீராமல் நிற்கிறது. அரிட்டாபட்டி மாதிரி இடத்தில் நன்றாகக் கற்றுக்கொண்ட மாணவர் எழுதுகிற பதிவேடு, எறும்புத்தின்னி எந்தச் சரிவில் வளை வைத்திருக்கிறது, வல்லூறு எந்த இடுக்கில் குஞ்சு பொரிக்கிறது என்று துல்லியமாகச் சொல்லும். எறும்புத்தின்னியின் செதிலுக்கும் தேவாங்குக்கும் கள்ளச்சந்தை இருக்கிறது. கூட்டின் படம் ஒன்று வெளியானால் அடுத்த ஞாயிறு பெரிய லென்ஸ்களோடு கார்கள் வந்து நிற்கும். எந்த ஊரிலும் கூடு எங்கே என்று தெரிந்த பெரியவர், கேமராவோடு வந்த எல்லாரிடமும் அதைச் சொல்லிவிடுவதில்லை. ஆளைப் பார்க்கிறார், இன்னொரு நாள் வா என்கிறார், வேறு பக்கம் கையைக் காட்டுகிறார். இன்டர்னுக்குக் கற்றுக்கொடுக்கிற எல்லாமே பார்ப்பதும் எழுதுவதும் பகிர்வதும்தான். எழுதாமல் விடுவதை, யாரிடம் சொல்வது யாரிடம் சொல்லக் கூடாது என்று ஆள் பார்ப்பதை எத்தனை நாளில் கற்றுக்கொள்ள முடியும், அதை யார் மதிப்பிடுவது என்று பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் அந்தப் பெரியவர்களோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.